தொகை நுண்கணிதம் ஓட்டமாக ஓடும் இரண்டாம் பருவம்: ராமநாதபுரம் கடற்கரை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை நெடுக இருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தைப் பொங்கல் கழிந்து கல்லூரி திறந்ததும் தொகை நுண்கணிதம் (இன்டெக்ரல் கால்குலஸ்) பற்றிய கேள்விகள் கிளம்பிவிடும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

நீங்கள் சொல்லும் பாடம் எது? எங்கள் கல்லூரியில் அந்தப் பெயரில் தாள் இல்லையே?

பெயர் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு 'கால்குலஸ் இரண்டு' என்று பெயர். தொகையிடும் முறைகள், அவற்றின் பயன்பாடுகள், முடிவிலி வரை செல்லும் தொகையீடுகள், முடிவிலாத் தொடர்கள், டெய்லர் தொடர் எல்லாம் அதில் அடங்கும். நம் பக்கம் இளநிலைக் கணிதம் படிப்பவர்களுக்குப் பல இடங்களில் இரண்டாம் பருவத்தில் தொகை நுண்கணிதம் தனித் தாளாக வருகிறது. குறைப்புச் சூத்திரங்கள், இரட்டைத் தொகையீடு, பீட்டா, காமா சார்புகள் அதில் இருக்கும்.

பொறியியல் பிள்ளைகளின் கதை வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி சேர்ந்தவர்களுக்குத் தொகையிடல் முதல் பருவத்திலேயே 'அணிகளும் நுண்கணிதமும்' தாளில் வந்துவிடும். இரண்டாம் பருவத்தில் புள்ளியியலும் எண்சார் முறைகளும். அதில், அளந்த எண்களைக் கொண்டு தொகையீட்டைத் தோராயமாகக் காணும் சிம்சன் விதி வரும்போது, முதல் பருவத்தில் அரைகுறையாக விட்டது மறுபடி வாசலில் வந்து நிற்கும். முடிவிலாத் தொடர்கள் அந்தத் தாள்களில் இல்லை என்பதால், கீழே தொடர் பற்றி எழுதியிருப்பதைப் பொறியியல்காரர்கள் தாண்டிப் போகலாம்.

ஏன் இவ்வளவு வேகம்? ஆசிரியர் வேண்டுமென்றே ஓட்டுகிறாரா?

ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். நான் சொன்ன முதல் பருவத் தாளுக்கு மொத்தம் 60 வகுப்புகள், ஐந்து அலகுகள். ஆக ஓர் அலகுக்கு 12 வகுப்புகள். அந்த 12 வகுப்புக்குள் பிரதியிடல், பகுதித் தொகையிடல், முக்கோணவியல் தொகையீடுகள், முக்கோணவியல் பிரதியிடல், பகுதிப் பின்னங்கள், முடிவிலித் தொகையீடுகள், அதற்கு மேல் நீர் அழுத்தம், நிறை மையம் வரைக்கும் போயாக வேண்டும். அமெரிக்காவில் ஏறக்குறைய இதையே அரைப் பருவம் நடத்துகிறார்கள். அவர் ஓடாமல் என்ன செய்வார்?

பிளஸ் டூ கணிதத்தில் நல்ல மதிப்பெண். இங்கே வந்து ஏன் தடுமாறுகிறேன்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பள்ளியில் பயிற்சிக்குத் தலைப்பு இருந்தது. 'பகுதிப் பின்னங்கள் மூலம் தொகையிடுக' என்று மேலே அச்சிட்டிருக்கும். கீழே பத்துக் கணக்கும் அதே முறை. முறையைப் புத்தகம் தேர்ந்தெடுத்தது, நீங்கள் கணக்கை மட்டும் போட்டீர்கள். கல்லூரித் தேர்வில் தலைப்பு கிடையாது.

நான்கு கணக்குகளைப் பாருங்கள். நான்கும் அண்ணன் தம்பி போலத் தெரியும்.

முதலாவது, 1 / (எக்ஸ்² + 4). இதன் விடை நேர்மாறு டான்: அரைப் பங்கு, உள்ளே எக்ஸ்/2.

இரண்டாவது, எக்ஸ் / (எக்ஸ்² + 4). மேலே ஓர் எக்ஸ் வந்ததும் ஆட்டமே மாறிவிட்டது. பகுதியின் வகைக்கெழு 2எக்ஸ். அதில் பாதி மேலேயே இருக்கிறது. ஆகவே பிரதியிடல், விடை எக்ஸ்² + 4-இன் லாக்கில் பாதி.

மூன்றாவது, எக்ஸ்² / (எக்ஸ்² + 4). இங்கே தொகுதியின் படியும் பகுதியின் படியும் சமம். முதலில் வகுத்தாக வேண்டும். வகுத்தால் 1-இல் இருந்து 4 / (எக்ஸ்² + 4) போகும். விடை, எக்ஸ் கழித்தல் எக்ஸ்/2-இன் நேர்மாறு டானைப் போல் இரு மடங்கு.

நான்காவது, 1 / (எக்ஸ்² − 4). குறி ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஆனால் இப்போது பகுதி காரணிகளாக உடைகிறது. பகுதிப் பின்னம் போட்டால் (எக்ஸ் − 2)/(எக்ஸ் + 2)-இன் மட்டு மதிப்புக்கு லாக் எடுத்து அதில் கால் பங்கு.

நான்கு கணக்கு, நான்கு வழி. ஒவ்வொன்றையும் போடத் தெரிந்த பிள்ளைகள் பலர். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று பத்து விநாடியில் சொல்லத் தெரிந்தவர்கள் சிலர். தேர்வு கேட்பது இந்த இரண்டாவது திறமையைத்தான். அதனால் என் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு: இருபது தொகையீடுகளைக் கலைத்துப் போட்டு, விடை காணாமல், முறையின் பெயரை மட்டும் எழுதச் சொல்வேன். முதல் வாரம் பாதிக்கு மேல் தவறும். பரவாயில்லை. நாள் தவறாமல் செய்தால் கண் பழகிவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ். படிக்க நேரமே இல்லை.

சுமார் 55 கிலோமீட்டர், போக வர நாளில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஆடுகிற பஸ்ஸில் கணக்குப் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன 'முறையை மட்டும் சொல்' பயிற்சிக்குப் பேனாவே தேவையில்லை. பழைய வினாத்தாள்களில் இருக்கும் தொகையீடுகளைச் சின்ன அட்டைகளில் எழுதி, பின்பக்கம் முறையைக் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் அட்டையை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தாலும் தப்பில்லை. பாம்பன் பாலம் தாண்டியதும் மறுபடி எடுங்கள்.

வகுப்பு தொடங்கும் முன் எதைச் சரிசெய்ய வேண்டும்?

நுண்கணிதத்தில் விழுபவர்களில் பெரும்பாலோர் நுண்கணிதத்தால் விழுவதில்லை. பள்ளியில் படித்த இயற்கணிதமும் முக்கோணவியலும் காலை வாரிவிடுகின்றன. பின்னங்களைக் கூட்டுவது, அடுக்குக்குறி விதிகள், வர்க்கப் பூர்த்தி, பல்லுறுப்புக் கோவையை வகுப்பது, லாக் விதிகள்: இவற்றில் கை தடுமாறக் கூடாது. முக்கோணவியலில் சைன்², காஸ்² இரண்டையும் இரட்டைக் கோணத்துக்கு மாற்றுவதும், டான்² + 1 என்பது சீக்² என்பதும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

பிறகு வகையிடல். சங்கிலி விதி சரளமாக வராதவருக்குப் பிரதியிடல் வராது. ஒன்று மற்றொன்றின் மறுபக்கம். பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் தொகை நுண்கணித அத்தியாயத்தை ஒருமுறை முழுதாகப் போட்டுவிட்டு வகுப்புக்குள் நுழையுங்கள். அந்த அத்தியாயம் பலர் நினைப்பதை விட நன்றாக எழுதப்பட்டது. பிளஸ் டூவுக்கு ஓடும் அவசரத்தில் பல பள்ளிகள் அதைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுவது என் நெடுநாள் கோபம்.

பகுதித் தொகையிடலில் எதை முதலில் எடுப்பது?

'ஐலேட்' வரிசையைப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள்: நேர்மாறு முக்கோணவியல், லாக், இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி. முதலில் வருவதை வகையிடுங்கள், பின்னால் வருவதைத் தொகையிடுங்கள். எக்ஸ் உடன் ஈ அடுக்கு எக்ஸ் பெருக்கலாக வந்தால் எக்ஸை வகையிட வேண்டும். எக்ஸ் உடன் லாக் வந்தால் லாக்கை வகையிட வேண்டும். ஒரு பக்கம் பல்லுறுப்புக் கோவை, மறுபக்கம் சைனோ அடுக்குக்குறியோ என்றால் பெர்னோலி சூத்திரம் இரண்டு வரியில் முடித்துவிடும்.

ஈ அடுக்கு எக்ஸ் உடன் சைன் எக்ஸ் வந்தால் இரண்டு முறை செய்ததும் தொடங்கிய தொகையீடே திரும்பி வரும். பயந்து அடித்துவிடாதீர்கள். அதை இடப்பக்கம் கொண்டுபோய் இரண்டால் வகுத்தால் விடை. இரண்டாம் முறையும் அதே வகைச் சார்பையே வகையிட எடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். மாற்றி எடுத்தால் சுழியம் சமம் சுழியம் என்று வரும்.

எந்த முறையும் பொருந்தாத தொகையீடு உண்டா?

உண்டு. எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு எக்ஸ்² என்பது பிரதியிடலில் ஒரு வரியில் முடியும். முன்னால் இருக்கும் எக்ஸை எடுத்துவிட்டு வெறும் ஈ அடுக்கு எக்ஸ்² என்று வைத்தால், நாம் அறிந்த சாதாரணச் சார்புகளைக் கொண்டு அதன் தொகையீட்டை எழுதவே முடியாது. யாருக்கும் இன்னும் வழி கிடைக்கவில்லை என்பதல்ல. முடியாது என்றே நிரூபிக்கப்பட்டது.

இரட்டைத் தொகையீட்டில் இதை வைத்தே கேள்வி கேட்பார்கள். வொய் என்பது எக்ஸிலிருந்து 1 வரை, எக்ஸ் என்பது 0 முதல் 1 வரை, உள்ளே ஈ அடுக்கு வொய்². கொடுத்த வரிசையில் தொட்டால் முதல் அடியிலேயே நின்றுவிடுவீர்கள். படம் வரைந்து வரிசையை மாற்றினால், எக்ஸ் என்பது 0 முதல் வொய் வரை என்றாகி, முன்னால் ஒரு வொய் கிடைக்கும். அந்த ஒரு வொய் போதும். விடை (ஈ − 1)/2, சுமார் 0.859. இரட்டைத் தொகையீட்டில் படம் வரையாமல் எல்லையை மாற்றுபவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, விடை சரியாக இருந்தாலும்.

தொடர்கள் பகுதி தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மற்ற பாடமெல்லாம் 'கண்டுபிடி' என்று கேட்கும். இது மட்டும் 'முடிவுக்கு வருமா, வராதா, காரணம் சொல்' என்று கேட்கும். கணக்குப் போட்டே பழகிய கைக்கு வாதம் எழுதுவது புதிது. அதுவும் பருவத்தின் கடைசியில், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் வந்து சேரும்.

எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு விதிக்கு வாருங்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடரை எடுத்துக்கொள்வோம். முதல் 10 உறுப்புகளின் கூடுதல் 2.93. 100 உறுப்புகளுக்கு 5.19. 1000 உறுப்புகளுக்கு 7.49. எங்கோ நின்றுவிடும் போலத்தானே இருக்கிறது? நிற்காது. 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும்; ஆனால் தாண்டும். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் தாண்டும். ஆகவே இது விரியும் தொடர். இப்போது பகுதிகளை வர்க்கமாக்குங்கள்: 1 + 1/4 + 1/9 + 1/16. 10 உறுப்புகளுக்கு 1.550, 100 உறுப்புகளுக்கு 1.635. இது பை வர்க்கத்தை ஆறால் வகுத்தால் வரும் 1.645-ஐ நெருங்கி அடங்கிவிடுகிறது. அந்த மதிப்பைக் கண்டு சொன்னவர் ஆய்லர், 18ஆம் நூற்றாண்டில்.

இரண்டு தொடர்களிலும் உறுப்புகள் சுழியத்தை நோக்கித்தான் போகின்றன. ஒன்று விரிகிறது, ஒன்று ஒருங்குகிறது. இதை மனத்தில் வாங்கியவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது. உறுப்பு சுழியத்துக்குப் போகாவிட்டால் தொடர் நிச்சயம் விரியும். போனால் அதைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது, வேறு சோதனை வேண்டும். 'உறுப்பு சுழியத்துக்குப் போகிறது, ஆகவே ஒருங்குகிறது' என்று எழுதப்பட்ட விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன்.

சோதனைகளை நான் இந்த வரிசையில் பார்க்கச் சொல்வேன். உறுப்பு சுழியத்துக்குப் போகிறதா? பெருக்குத் தொடரா? வெறும் அடுக்குகள் மட்டும் என்றால் ஒப்பீட்டுச் சோதனை. தொடர்பெருக்கமோ, என்-ஆம் அடுக்கோ இருந்தால் விகிதச் சோதனை. குறி மாறி மாறி வந்தால் அதற்குரிய சோதனை. விகிதம் 1-ஐ நோக்கிப் போனால் விகிதச் சோதனை வாயைத் திறக்காது; அங்கே அதைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

குறி மாறும் தொடருக்கு நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போனால் பையில் நான்கில் ஒரு பங்கு வரும். ஐரோப்பாவில் இது பேசப்படுவதற்கு வெகு முன்பே, கேரளத்துச் சங்கமகிராம மாதவனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட தொடர் இது. அவர் காலம் 14ஆம் நூற்றாண்டு. 100 உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.1316 தான் வரும். இவ்வளவு உழைப்புக்கு இரண்டு தசம இடம்கூடச் சரியாக வரவில்லை. மாதவன் மரபினர் அங்கே நிற்கவில்லை. கடைசியில் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்தார்கள். அதன் எளிய வடிவப்படி இங்கே 1/100-ஐக் கூட்டினால் 3.141593, ஆறு இடம் சரி. வகுப்பில் 'பிழை அடுத்த உறுப்பை விடச் சிறியது' என்று ஒரு வரியில் கடந்துபோகும் தேற்றத்துக்குள் இவ்வளவு சரக்கு இருக்கிறது.

இதெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது?

எரிச்சலோடு கேட்டாலும் நியாயமான கேள்வி. ஒரு படகைக் கொண்டு பதில் சொல்கிறேன்.

12 மீட்டர் நீளப் படகு ஒன்று தண்ணீரில் நிற்கிறது. நீர்மட்டத்தில் அதை வெட்டினால் கிடைக்கும் வடிவத்தின் பரப்பளவு வேண்டும். அதற்குச் சூத்திரம் கிடையாது. படகு கட்டும் ஓடாவி கையால் வளைத்த பலகை எந்தச் சமன்பாட்டுக்கும் கட்டுப்படாது. ஆகவே அணியத்திலிருந்து பின்பக்கம் வரை 3 மீட்டருக்கு ஓர் இடமாக ஐந்து இடங்களில், நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை அளக்கிறோம். 0, 1.2, 1.6, 1.4, 0.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

சரிவக விதிப்படி: முனை இரண்டின் சராசரி 0.4, நடு மூன்றின் கூடுதல் 4.2, மொத்தம் 4.6, மூன்றால் பெருக்கினால் 13.8. இரு பக்கத்துக்கும் சேர்த்து 27.6 சதுர மீட்டர்.

சிம்சன் விதிப்படி: 1, 4, 2, 4, 1 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். 0 + 4.8 + 3.2 + 5.6 + 0.8, ஆக 14.4. இதை இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். இடைவெளி 3 என்பதால் அது 1. இரு பக்கத்துக்கும் 28.8 சதுர மீட்டர். சரிவக விதி புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. வெளிப்பக்கம் வளைந்த ஓரத்தில் அது எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். சிம்சன் பரவளையத்தால் இணைக்கிறது.

இதோடு விடாதீர்கள். இந்தப் படகு இன்னும் ஒரு சென்டிமீட்டர் அமிழ எவ்வளவு பாரம் ஏற்ற வேண்டும்? 28.8-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 0.288 கன மீட்டர். கடல்நீர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ. ஆக ஏறக்குறைய 295 கிலோ. ஐஸ் பெட்டியும் மீனும் ஏறும்போது படகு எவ்வளவு தாழும் என்பது இந்தக் கணக்குதான். கப்பல் கட்டும் பொறியாளர்கள் இந்த அட்டவணையைத்தான் இன்றைக்கும் போடுகிறார்கள், கணினியில். மண்டபத்துப் பையன் ஒருவனிடம் இதைச் செய்துகாட்டியபோது, "சார், ஒரு சென்டிமீட்டருக்கு முந்நூறு கிலோன்னு அப்பா இதை அளக்காமலே சொல்லுவாரே" என்றான். சொல்லுவார்தான், அவர் அந்தப் படகோடு இருபது வருடம் இருந்தவர். புதுப் படகுக்கு வரைபடம் போடுபவனுக்கு அந்த வசதி இல்லை.

தேர்வு நேரத்தில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடுகிறது. வீட்டில் கஷ்டம். என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இரண்டாம் பருவத் தேர்வும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். அந்த இரண்டு மாதம் வீட்டில் காசு நடமாட்டம் இருக்காது. பையன்கள் வேலைக்கு ஓடுவார்கள், பெண் பிள்ளைகள் மேல் வீட்டு வேலை கூடும். தைரியமாக இரு என்று இங்கிருந்து எழுதுவது சுலபம். அதனால் பலன் இல்லை. இரண்டு காரியம் சொல்கிறேன். தேர்வுக் கட்டணத்தைத் தடைக்காலத்துக்கு முன்பே ஒதுக்கி வையுங்கள். பாடத்தின் கடினமான பகுதியை ஏப்ரல் நடுவுக்குள் முதல் சுற்றுப் படித்துவிடுங்கள். தடைக்காலத்தில் புதிதாக எதையும் தொடங்காமல் பழைய வினாத்தாள்களை மட்டும் போடுங்கள். களைத்துப் போய் வந்தாலும் ஒரு வினாத்தாளில் பாதியைப் போட்டுவிடலாம்.

தமிழ் வழியில் படித்தவள் நான். ஆங்கிலத்தில் நடத்துவது புரியவில்லை.

பாப்பா, கணிதத்தில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் நூறுக்குள் அடங்கிவிடும். பிளஸ் டூ புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரே பாடம். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு அத்தியாயம் வாசித்தால் போதும். இந்தத் தடை ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது.

கலாம் போல விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்க வேண்டுமா?

ராமேஸ்வரத்துப் பையன் ஒருவர் நான்கு மணிக்கு எழுந்து குளித்துவிட்டுக் கணித டியூஷனுக்குப் போனார் என்பது இந்த ஊரில் மேடைதோறும் சொல்லப்படும் கதை, உண்மையும்கூட. ஆனால் அந்தக் காலத்தில் செல்போன் இல்லை. நள்ளிரவு ஒரு மணி வரை செல்போனைப் பார்த்துவிட்டு நான்குக்கு எழுந்தால் பகுதிப் பின்னம் ஏறாது, கண்தான் எரியும். உங்களுக்குத் தெளிவாக இருக்கும் நேரம் எதுவோ அதுவே போதும்.

செல்போன் செயலி கேட்டவுடன் விடை தருகிறதே. பயன்படுத்தலாமா?

விடையைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். விடையைக் காண வேண்டாம். அதைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: வந்த விடையை வகையிட்டுப் பாருங்கள், தொடங்கிய சார்பு திரும்பி வர வேண்டும். தொகையிடலைப் போலத் தன்னைத் தானே சரிபார்க்கும் பாடம் வேறில்லை.

வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார், அண்ணன் அமெரிக்காவில் படிக்கிறான். கோடை விடுமுறைக்குக் கீழக்கரை வரும்போது அங்கத்திய கால்குலஸ் இரண்டை ஆன்லைனில் முடிக்கலாம் என்கிறான். சரியா?

முடிக்கலாம், விடுமுறை என்ற பேச்சை மறந்துவிட்டால். அங்கே வழக்கமான பருவம் சுமார் 15 வாரம். நான்கு கிரெடிட் பாடம் என்றால் வகுப்பு 60 மணி, வெளியே படிப்பு அதைப் போல் இரு மடங்கு, ஆக 180 மணி. கோடையில் அதை ஆறு வாரத்தில் அடைத்தால் வாரம் 30 மணி. ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் போய் வந்தால் வழக்கமான பருவத்தின் ஒரு வாரப் பாடமே போய்விட்டது என்று பொருள்.

நேர வித்தியாசத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7.30, கலிபோர்னியாவில் காலை 10 என்றால் இங்கே இரவு 10.30. தேர்வு நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்து, ஆசிரியருக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. முதல் கால்குலஸில் அரைகுறையாகத் தேறியவன் என்றால் வேண்டவே வேண்டாம், வழக்கமான பருவத்திலேயே எடுக்கட்டும்.

டியூஷன் போகலாமா?

டியூஷன் எடுப்பவனிடம் இதைக் கேட்கிறீர்கள். போகலாம், ஆனால் அங்கேயும் ஆசிரியர் பலகையில் போடுவதை எழுதிக்கொண்டு வந்தால் அது இரண்டாவது வகுப்பு, அவ்வளவுதான். நீங்கள் போட்டு, எங்கே நின்றீர்களோ அதை மட்டும் கேட்கும் இடமாக இருக்க வேண்டும். காசு இல்லாவிட்டால் ஐஐடி ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் வகுப்புகள் இலவசம். கூடப் படிக்கும் இரண்டு பேர் சேர்ந்தால் அதுவும் டியூஷன்தான்.

தேர்வு அறையில் மதிப்பெண் எங்கே கழிகிறது?

பிரதியிட்ட பிறகு எல்லைகளை மாற்ற மறப்பதில். எக்ஸ் / (எக்ஸ்² + 4)-ஐ 0 முதல் 2 வரை தொகையிடும்போது, புது மாறிக்கு எல்லை 4 முதல் 8 வரை. விடை லாக் 2-இல் பாதி, சுமார் 0.347. பழைய 0-வையே வைத்திருந்தால் லாக் சுழியம் வந்து நிற்கும். அடுத்தது மாறிலியை விடுவது, லாக்குக்கு மட்டுக்குறி போடாதது. அரை அரை மதிப்பெண்ணாகப் போகும், கூட்டினால் கணிசம்.

விடை எழுதியதும் ஒரு நொடி மதிப்பிட்டும் பாருங்கள். 1 / (எக்ஸ்² + 4) என்பது 0-இல் 0.25, 2-இல் 0.125, அகலம் 2. ஆகவே தொகை 0.25-க்கும் 0.5-க்கும் இடையில்தான் இருக்க முடியும். உண்மையான விடை பை/8, சுமார் 0.393. உங்களுக்கு 1.57 வந்திருந்தால் எங்கோ வழி தவறியிருக்கிறீர்கள்.

அரியர் விழுந்துவிட்டது. அடுத்த பருவத்தோடு சேர்த்து எழுதலாமா?

எழுதலாம், பலர் எழுதித் தேறுகிறார்கள். ஆனால் அடுத்த தேர்வு வரை புத்தகத்தை மூடி வைக்காதீர்கள். மறப்பதற்கு மூன்று மாதம் தாராளம். முடிவு வந்த வாரத்திலேயே கேள்வித்தாளை எடுத்து, எந்தக் கேள்வியில் முறை தெரியாமல் நின்றீர்கள், எதில் முறை தெரிந்தும் கணக்கில் பிழை செய்தீர்கள் என்று இரண்டாகப் பிரியுங்கள். முதல் வகை அதிகம் என்றால் அட்டைப் பயிற்சி. இரண்டாம் வகை அதிகம் என்றால் நுண்கணிதத்தை விட்டுவிட்டு இரண்டு வாரம் இயற்கணிதம் போடுங்கள். பிரித்த தாளை எடுத்துக்கொண்டு வந்தால் நானும் பார்க்கிறேன். வெறுங்கையோடு வந்து "எல்லாமே கஷ்டம் சார்" என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.